தூசியில்லாத வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

3 ஜூலை, வியாழன்

இன்னும் பதினாலு நாள். என் மனைவி தங்கத்தைச் சமூக மருத்துவமனையிலிருந்து பதினேழாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். எந்த வீட்டுக்கு என்பதில்தான் சண்டை.

இளமதி கட்டில் பக்கத்தில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அம்மா எங்க வீட்டுக்கு, பொங்கோலுக்கு வரட்டும்பா. எங்க புளோக் புதுசு. உங்க வீடு நாப்பது வருஷப் பழசு. பக்கத்துல வேற கட்டடத்த இடிக்கிறாங்க, ஒரே தூசி. அம்மாவுக்கு ஆஸ்துமா, விளையாட்டு இல்ல." பெற்ற மகள் எனக்கே பாடம் எடுக்கிறாள். இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக ஆம்புலன்ஸ் வந்து தங்கத்தைத் தூக்கிப் போயிருக்கிறது, அதனால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

இருக்கவில்லை. "என் வீட்டுக்கு என்னா குறைச்சல்?" என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. எதிர்க் கட்டில் சீனக் கிழவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தொன்பது ஆண்டுகளாக என்னோடு ரோவல் ரோட்டு எட்டாவது மாடியில் குடும்பம் நடத்தியவள். அவளை மகள் வீட்டு விருந்தாளி அறைக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? பதினேழாம் தேதிக்குள் மருத்துவமனையைவிடச் சுத்தமாக வீட்டை ஆக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இளமதி, "பதினாறாந் தேதி வந்து பாப்பேன். தூசி இருந்துச்சு, அம்மா என்கூடத்தான்" என்றாள்.

தங்கம் போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

4 ஜூலை, வெள்ளி

நர்ஸ் ஜோவன்னா ஒரு தாள் கொடுத்தார். வீட்டில் எவையெல்லாம் இருக்கக் கூடாது என்ற பட்டியல். "அங்கிள், ப்ளீச் வேணாம். ஸ்ப்ரே வேணாம். வாசனையா எதுவுமே வேணாம் லா. ஈரத்துணி, வினிகர், சோடா மாவு, அது போதும். வெளக்கமாத்தால பெருக்கவே பெருக்காதீங்க, தூசி எழும்பி மூச்சுல போயிடும்."

முப்பத்தொரு வருடம் பூச்சி மருந்து அடித்தவனிடம் ஊறுகாய் போடும் சாமானைக் காட்டுகிறார்! டெங்கிக் காலத்தில் இந்தத் தீவில் நான் புகை அடிக்காத சாக்கடை கிடையாது. எந்த மருந்து நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முகமூடி இல்லாமல் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. என்கீழ் வேலை செய்த பையன்களையும் செய்யவிட்டதில்லை.

சரி, மனைவிக்காக ஊறுகாய்க்காரனாகவும் ஆவோம்.

தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதி வைக்க வேண்டுமாம். கம்பளம்: எடுத்தாயிற்று. பூனை, நாய்: இல்லை. கனத்த திரைச்சீலை: கழற்றப் போகிறேன். புகை: பொருந்தாது. என் ஆயுளில் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

6 ஜூலை, ஞாயிறு

இடுப்பு போய்விட்டது.

தூசி எப்போதும் மேலிருந்து கீழே வரும், துடைப்பதும் அப்படித்தான் வர வேண்டும். முதலில் மின்விசிறி. பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி இழுத்தேன். எல்லாத் தூசியும் உறைக்குள்ளேயே விழுந்தது, ஒரு பொட்டுக்கூடப் பறக்கவில்லை. இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். பிறகு அலமாரி உச்சி. அங்கே இருந்தது தூசி இல்லை, மண். ஒரு கத்தரிச் செடியே வைக்கலாம்.

ஜன்னல்தான் கழுத்தை அறுத்தது. அந்தக் காலத்துக் கண்ணாடிப் பட்டை ஜன்னல், வீடு முழுக்க எண்ணினால் அறுபத்தெட்டுப் பட்டை. கையில் பழைய காலுறையை மாட்டி, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றாக. தரைக்கு மட்டும் வினிகர் ஆகாது. மொசைக் தரையில் சலவைக்கல் சில்லு இருக்கிறது, புளிப்புப் பட்டால் பளபளப்புச் செத்துவிடும். ஜோவன்னாவுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். தேக்கா சந்தையில் பூந்திக்கொட்டை வாங்கி ஊறவைத்து, அந்த நுரைத் தண்ணீரால் துடைத்தேன். நாலு வாளி. நாலாவது வாளித் தண்ணீரும் கோப்பி நிறத்தில்தான் இருந்தது.

இத்தனை அழுக்கிலா அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்?

8 ஜூலை, செவ்வாய்

காலையில் துடைத்தேன். மத்தியானம் மேசையில் விரலால் என் பெயரை எழுதலாம் போல் இருந்தது.

கீழே இறங்கிப் போய் இடிக்கும் இடத்தில் கத்தினேன். "தண்ணி தெளிச்சுட்டு இடிக்கணும்னு சட்டம் இருக்கா இல்லையா? மேல ஆஸ்துமாக்காரங்க இருக்காங்க!" மேற்பார்வையாளர் பெயர் அங்கமுத்து, நம்ம ஆள்தான். கும்பிடாத குறையாக, "அண்ணே, தெளிக்கிறோம்ணே, வெயில்ல காஞ்சிடுது" என்றான். அவனிடம் கத்தி என்ன பயன். ஆனாலும் கத்திவிட்டு வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

மேலே வந்து ஒரு முடிவெடுத்தேன். இடிக்கும் பக்கத்து ஜன்னல்கள் அத்தனையையும் மூடி, இடுக்கில் டேப் ஒட்டிவிட்டேன். வாசக்கதவின் அடியில் ஈரத்துணி. ஒரு எறும்பு வரட்டும் பார்ப்போம்.

9 ஜூலை, புதன்

தங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நடைப்பயிற்சி கொடுக்கிறார்கள். இருபது அடி நடந்தால் நின்றுவிடுகிறாள். டேப் ஒட்டியது, பூந்திக்கொட்டை, அறுபத்தெட்டுப் பட்டை எல்லாவற்றையும் சொன்னேன். "ரொம்ப ஓடியாடாதீங்க" என்றாள். அப்புறம், "என்னங்க, வீட்டுல இன்னொன்னு..." என்று ஆரம்பித்தாள். "நீ ஒன்னும் கவலப்படாத, எல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள்.

11 ஜூலை, வெள்ளி

வீடு முழுக்க இரண்டாம் சுற்றுத் துடைப்பு. விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டேன், வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் வெள்ளி வெள்ளிதான்.

14 ஜூலை, திங்கள்

மெத்தைக்குத் தூசிப்பூச்சி புகாத உறை வேண்டும் என்று தாளில் இருக்கிறது. மூன்று கடை ஏறி இறங்கினேன். ஆங் மோ கியோவில் கிடைத்தது. திரைச்சீலை கழற்றியதால் வரவேற்பறை காலிப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. இருமினால் எதிரொலி வருகிறது.

பயமாகவும் இருக்கிறது. இளமதி குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே வருவாள். யார் மகள்!

16 ஜூலை, புதன்

வந்தாள். வெள்ளைக் கைக்குட்டையோடு வந்தாள்! விசிறி இறக்கை, குளிர்பெட்டியின் மண்டை, கட்டிலுக்கு அடியில், எல்லா இடத்திலும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நான் பின்னாலேயே போனேன், பரீட்சைத் தாள் திருத்துவதை எட்டிப் பார்க்கும் பையன் மாதிரி.

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "அப்பா, அம்மாவுக்கு இத்தன நாளா ஒரு கோப்பி கலந்து குடுத்திருப்பீங்களா? இப்ப எப்படிப்பா?" என்றாள். திட்டுகிறாளா பாராட்டுகிறாளா தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. கிளம்பும்போது சிரித்துவிட்டாள். "வினிகர் வாடை ஊறுகாய்க் கம்பெனி மாதிரி அடிக்குது. நாளன்னிக்கு ஆடி மொத வெள்ளிதானே, சாம்பிராணி போட்டா எல்லாம் போயிடும்."

ஜெயித்துவிட்டேன்.

17 ஜூலை, வியாழன்

தங்கம் வீட்டுக்கு வந்துவிட்டாள். சோபாவில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்து, "நம்ம வீடா இது?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அடுப்படியில் வேலை இருப்பதுபோல் போய்விட்டேன்.

19 ஜூலை, சனி

காலை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. எழுத்து எனக்கே புரியவில்லை.

நேற்று ஆறு மணிக்கு விளக்கேற்றினேன். ஆடி வெள்ளி, அவள் வீடு திரும்பிய முதல் வெள்ளி. கரியை நன்றாகக் கனிய வைத்தேன். கப் சாம்பிராணியெல்லாம் எனக்குப் பிடிக்காது, கட்டிச் சாம்பிராணியைத் தட்டிப் போட்டால்தான் கமகம என்று வரும். வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே போட்டேன். தூபக்காலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் போனேன். கட்டிலுக்கு அடியில் காட்டினேன். அவள் அப்போது கட்டிலில்தான் படுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

பத்து நிமிஷம்கூட இல்ல. மூச்ச இழுக்குறா, உள்ள போகல. உதடு நீலமாகுது. மூச்சு மருந்து பம்ப்ப ரெண்டு தடவ அடிச்சேன், நாலு தடவ அடிச்சேன். கேக்கல. அவ கை என் சட்டையப் புடிச்சுக்கிட்டு... ஐயோ.

ஆம்புலன்ஸ்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஹுசைன் என்று சட்டையில் பெயர் போட்டிருந்த பையன் வாசலில் கால் வைத்ததுமே நின்றுவிட்டான். "அங்கிள், என்னா எரியுது? என்னா புகை இது?"

"புகையா? எங்கப்பா புகை?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

"வீடு பூரா புகை அங்கிள்! ஜன்னலத் தொறங்க லா, சீக்கிரம்!"

திறக்கப் போனேன். டேப். நான் ஒட்டிய டேப். நகத்தால் கிழிக்கிறேன், வரவில்லை. அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கூரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் புகை வெள்ளையாகத் தொங்குது. சாக்கடை மேல நான் அடிச்ச அதே மாதிரி. முப்பத்தொரு வருஷம் முகமூடி போட்டுக்கிட்டு அடிச்சவன்டா நீ. உன் பொண்டாட்டி மூஞ்சிக்கு நேரா முகமூடி இல்லாம அடிச்சிருக்கியேடா.

20 ஜூலை, ஞாயிறு

மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். இன்று கொஞ்சம் பரவாயில்லை என்றார் டாக்டர்.

உடை மாற்ற வீட்டுக்கு வந்தேன். இந்தக் குறிப்பேட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். முதல் ஆம்புலன்ஸ், மார்ச் 14: வெள்ளி. இரண்டாவது, மே 2: வெள்ளி. மூன்றாவது, ஜூன் 27: வெள்ளி. நடுவில் "தங்கத்துக்கு இருமல்" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஐந்து வெள்ளி, இரண்டு சனி விடியற்காலை. எல்லாம் என் கையெழுத்து. தூசி என்றேன், இடிக்கிறவன் என்றேன், அங்கமுத்துவிடம் கத்தினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையெழுத்தே தெரியவில்லை.

தாளில் புகை என்ற வரிக்கு எதிரே "பொருந்தாது." சாம்பிராணி புகை என்று யாருக்குத் தோன்றும்? அது சாமி சம்பந்தப்பட்டது, சுத்தம் என்றல்லவா மனசு சொல்கிறது.

இது சமாதானமா, உண்மையா?

22 ஜூலை, செவ்வாய்

இளமதியிடம் சொன்னேன். மருத்துவமனைக் கோப்பிக் கடையில். என்னைக் கிழிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போடுங்கன்னு நான்தானேப்பா சொன்னேன்" என்றாள். கப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆனா இனிமே ரிஸ்க் எடுக்க முடியாது. அம்மா பொங்கோலுக்குத்தான்."

சரி என்றேன்.

27 ஜூலை, ஞாயிறு

தங்கம் நேற்று மருத்துவமனையிலிருந்து நேராகப் பொங்கோலுக்குப் போய்விட்டாள். தூபக்காலைக் கழுவிப் பழைய துணியில் சுற்றி அலமாரி உச்சியில் போட்டேன். டேப்பை உரித்தேன். வீடு துடைத்தேன். யாருக்காகத் துடைத்தேன்?

2 ஆகஸ்ட், சனி

பொங்கோல் போனேன். நல்ல வீடுதான், குறை சொல்ல முடியாது. தங்கம் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாள். இளமதி அடுப்படியில்.

"சாம்பிராணிதான் காரணமாம்" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் இப்படித்தான் வந்தது.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நெஞ்சு என்னுதுதானே."

"எப்போலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா? நாலு தடவ ஆம்புலன்ஸ்ல..."

"சொன்னேன்" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "தீபாவளிக்கு முந்துன வெள்ளி. இன்னிக்கு மட்டும் வேணாமே, நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னேன். சாமிக்குப் போடுறதக் குத்தம் சொல்றியான்னு தூபக்கால நங்குன்னு வச்சீங்க. மேசக் கண்ணாடி விரிஞ்சுச்சு. ரெண்டு நாள் பேசல நீங்க. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைன்னா நான் அடுப்படி ஜன்னல்கிட்ட நின்னுக்குவேன். அன்னிக்குப் படுத்துக் கெடந்தேன், எந்திரிக்க முடியல."

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

கண்ணாடி விரிந்தது நினைவிருக்கிறது. அவள் சொன்னது நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் போன வருடத்துக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 25 அக்டோபர், வெள்ளி: "மேசைக் கண்ணாடியில் விரிசல். புதிதாக வெட்டி வாங்க வேண்டும்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னால் ஒன்று கேட்டேன். ஒரு மாதமாக நானும் இளமதியும் ஒருவர் மீது ஒருவர் எறிந்துகொண்டிருந்தும் அவளிடம் கேட்காத கேள்வி. "நீ எங்க இருக்கணும்னு நெனைக்கிற?"

"அப்பாடா" என்றாள். "யாராவது கேப்பீங்களான்னு பாத்தேன்."

"இப்ப கேக்குறேன்."

"ஒரு வாரம் வந்து இருந்து பாக்குறேன். தூசிக்குப் பயமில்ல, நீங்க நல்லாத்தான் தொடைக்கிறீங்க. கத்தக் கூடாது. நான் சொன்னா காதுல வாங்கணும்."

"நர்ஸ் குடுத்த தாள்ல அது இல்லையே" என்றேன், சிரிப்பு மூட்டலாம் என்று.

"அந்த நர்ஸ் உங்ககூட முப்பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தலையே" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

வந்துவிட்டாள். கூடவே ஒரு நீலப் பை. அதிலிருந்து இரண்டு சேலையும் மருந்தும் மட்டும் எடுத்தாள். மற்றதெல்லாம் பைக்குள்ளேயே. பை கட்டில் காலோரம் நிற்கிறது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு இளமதி வருவாள், கூட்டிப்போக அல்லது பார்த்துவிட்டுப் போக.

13 ஆகஸ்ட், புதன்

"இந்த மெத்தை ஒறை என்னா, பொரண்டா சரக் சரக்குங்குது. கண்ண மூட முடியல" என்றாள் காலையில்.

மூன்று கடை ஏறி இறங்கினது! இதுவா குறை? கோபம் தொண்டை வரை வந்துவிட்டது. வெளியே தாழ்வாரத்துக்குப் போய் எதிர்ப் புளோக்கின் ஜன்னல்களை எண்ணினேன். நாற்பதில் அடங்கியது. உள்ளே வந்து, "மேல ஒரு பருத்தித் துணி போட்டுத் தச்சா சத்தம் வராது" என்றேன். "பாப்போம்" என்றாள்.

இந்த மனுஷிக்கு இத்தனை குறை இத்தனை வருடமாக எங்கே இருந்தது?

15 ஆகஸ்ட், வெள்ளி

விளக்கு மட்டும். பூ வைத்தேன். கை பரபரத்தது, என்னமோ பாதிச் சோற்றில் எழுந்த மாதிரி. தங்கம் அடுப்படி ஜன்னலுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். இருமவில்லை.

பையை இன்னும் பிரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா?

17 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் மூன்று முறை தரை துடைத்தேன். இடிக்கிற வேலை ஞாயிறு கிடையாது, துடைக்கத் தேவையே இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டரை மணிக்குத் தங்கம் அறையிலிருந்து வந்தாள். கையில் அந்த நீலப் பை. சரி, அவள் முடிவு, வாயைத் திறக்கக் கூடாதுடா கோவிந்தசாமி என்று சொல்லிக்கொண்டேன். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். பை காலியாக, காற்றாக இருந்தது.

"அடியெல்லாம் ஒரே தூசி" என்றாள். "அலசிப் போடுங்க. வினிகர்ல வேணாம், அந்த நாத்தம் எனக்கு மொதலேருந்தே ஆகல."

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து, நாலு முறை அலசினேன். அறைக்குள் அவள் இளமதியிடம் போனில், சாப்பிட வாங்க, ஏழு மணிக்கு வந்தா போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பையைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வெளியே துணி காயப்போடும் கழியில் போடப் போனேன்.

"வெளிய போட்டா மறுபடி தூசியாயிடும்" என்று அறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "உள்ளயே காயட்டும்."

"உள்ள போட்டா காய நாலு நாள் ஆகுமே."

"ஆகட்டும். இப்ப அது யாருக்கு வேணும்?"